வேன் எஞ்சின் ஹெட்டைக் கழற்றி மாட்டும்போது



திருவள்ளூர்ப் பக்கமிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கொரட்டூர், பாடி வழியாகக் கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போகிற பழைய டீசல் வேன்கள் இன்றும் உண்டு. மேட்டடோர் மாதிரி வண்டிகள் இப்போது உற்பத்தியாவதில்லை. இருப்பதை வைத்துத்தான் ஓட்டுகிறோம். நடு ராத்திரியில் ஆவி கக்கிக்கொண்டு ரோட்டோரம் நின்றுவிட்டால், விடிவதற்குள் கீரை வாடிவிடும், சந்தை விலையும் போய்விடும்.

ஹெட் கேஸ்கட் போனதற்கு அடையாளம் என்ன? ரேடியேட்டரில் குமிழி வரும், தண்ணீர் அடிக்கடி குறையும், ஆயில் பால் விட்ட டீ மாதிரி ஆகிவிடும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்துபோகும்.

எஞ்சின் நன்றாக ஆறட்டும். சூட்டில் ஹெட்டைக் கழற்றினால் வளைந்துவிடும். பேட்டரி ஒயரைக் கழற்றி, தண்ணீரை வடித்துவிடுங்கள். டீசல் பைப்புகளைக் கழற்றியதும் முனைகளைச் சுத்தமான துணியால் மூடவேண்டும். தூசி புகுந்தால் இன்ஜெக்டர் கெட்டுப்போகும். புஷ்ராடுகளை, அட்டையில் ஓட்டை போட்டு, எடுத்த வரிசையிலேயே குத்தி வையுங்கள். டிராக்டரில் சிம்ப்சன் எஞ்சினைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கேம் ஷாப்ட் ஹெட்டிலேயே இருக்கிற எஞ்சின் என்றால் டைமிங் குறி தவறக்கூடாது. அந்த வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தவேண்டும். ஹெட் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பாதீர்கள். மரச் சுத்தியால் தட்டினால் போதும்.

ஹெட் நேராக இருக்கிறதா என்று சட்டம் வைத்து, ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். வளைந்திருந்தால் ஃபேசிங் செய்யலாம். 1964-ல் ஏற்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டை கொரட்டூரை ஒட்டித்தான் இருக்கிறது; இதற்கு அந்தப் பக்கம் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் டீசல் ஹெட்டை இஷ்டத்துக்குச் சீவக்கூடாது. அளவு மீறினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். விரிசல் இருக்கிறதா என்பதையும் பிரஷர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனிதான் பலர் கோட்டை விடுகிற இடம். பிளாக்கில் இருக்கிற போல்ட் ஓட்டைகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது அது போக வழியில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடும். ஒன்று விடாமல் துடைத்துக் காயவையுங்கள். கேஸ்கட் புதிதாகவே இருக்கட்டும்; மேல் பக்கக் குறியைப் பார்த்து வையுங்கள். முறுக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று நான்கு சுற்றாக, டார்க் ரெஞ்ச் வைத்து, அந்த எஞ்சினுக்கு உரிய அளவில் முறுக்கவேண்டும். "கை கணக்கே போதும் சார்" என்பார்கள். ஒரு போல்ட் இறுகி, பக்கத்துப் போல்ட் தளர்ந்திருந்தால் கேஸ்கட் அங்கேதான் மறுபடி போகும். வாடகைக்காவது ஒரு ரெஞ்ச் வாங்கி வரச் சொல்லுங்கள்.

டேப்பெட் இடைவெளி வைத்து, ஆயில் மாற்றி, டீசல் லைனில் காற்றை எடுத்து, ஓடவிடுங்கள். பழைய வகைக் கேஸ்கட்டுகளுக்கு, கம்பெனிப் புத்தகம் சொன்னால், சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி முறுக்கவேண்டியிருக்கும். அப்படி முறுக்கினால் டேப்பெட்டையும் மறுபடி பார்க்கவேண்டும்.

முதலில் ஏன் சூடேறியது என்று பாருங்கள். உப்புக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி வந்திருந்தால் ரேடியேட்டர் குழாய்கள் காரை கட்டியிருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் ஹெட்டை மட்டும் மாட்டினால், அடுத்த கேஸ்கட்டுக்கும் இப்போதே காசு எடுத்து வைக்கவேண்டியதுதான்.