பயிற்சித் தேர்வை எவ்வளவு நம்பலாம்?

“முன்னோட்டத் தேர்வில் ஏ கிடைத்தால் எஸ்.பி.எம்.மிலும் கிடைக்குமா, சார்?” ஆண்டுதோறும் மாணவர்கள் கேட்கும் கேள்வி இது. அமெரிக்காவில் மருத்துவ உரிமத்துக்கான யூ.எஸ்.எம்.எல்.இ. தேர்வை எழுதுவோருக்கும் இதே கவலைதான்.

அதன் முதல் கட்டத் தேர்வு ஒரே நாளில் 8 மணி நேரம் நடக்கும். 280 கேள்விகள் வரை வரும். 2022 ஜனவரி முதல் புள்ளிகள் கிடையாது; தேர்ச்சி அல்லது தோல்விதான். தோல்வியோ தேர்வுப் பதிவேட்டில் நிலைத்துவிடும்.

தேர்வைத் தயாரிக்கும் என்.பி.எம்.இ. வாரியம் 200 கேள்விகள் கொண்ட பயிற்சித் தாள்களையும் வழங்குகிறது. ஒரு வாரத்துக்குள் உண்மைத் தேர்வை எழுதினால் தேறும் வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்றும் அது மதிப்பிட்டுச் சொல்லும். ஆனால், நடுவில் புத்தகத்தைப் புரட்டினாலோ, செய்த தாளையே மீண்டும் செய்தாலோ அந்த மதிப்பீடு பொய்த்துவிடும். சூடான தேநீர் குடித்தவுடன் வாயில் வெப்பமானி வைப்பதைப் போன்றது அது.

அப்படியானால் பழைய தாளை மீண்டும் செய்வது வீணா? இல்லை. 2006இல் ரோடிகர், கார்பிக்கி நடத்திய ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 42 விழுக்காட்டை நினைவுகூர்ந்தனர். பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களோ 56 விழுக்காட்டை நினைவுகூர்ந்தனர்.

ஆகவே, பழைய தாள்கள் கற்பதற்கு. பார்க்காத தாள் அளப்பதற்கு. மாணவர்களே, ஒரு தாளையாவது பிரிக்காமல் வைத்திருங்கள். தேர்வுக்கு முந்திய வாரம், கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் எழுதுங்கள். அந்தப் புள்ளியை நம்பலாம்.