தாழ்ந்த காருக்குத் தக்க சக்கரம்

பொம்மனஹள்ளியில் வாழும் நம்மவர்க்கு ஓசூர்ச் சாலை என்பது சொந்த ஊருக்குச் செல்லும் வழியாகும். பொங்கலும் தீபாவளியும் வந்துவிட்டால், கிருஷ்ணகிரியையும் சேலத்தையும் நோக்கிக் குடும்பங்கள் இவ்வழியே புறப்படுகின்றன. நம் தெருவில் வாழும் இளைஞர் ஒருவர், தம் ஸ்போர்ட்ஸ் காரின் ஸ்பிரிங்குகளை மாற்றி அதன் உயரத்தைக் குறைத்தார். இனிப் பெரிய சக்கரமும் மெல்லிய டயரும் பூட்ட வேண்டும் என்று நம்மிடம் யோசனை கேட்டார். வரும் பொங்கலுக்குத் தாய் தந்தையரை அதே காரில் சேலத்திற்கு அழைத்துச் செல்வதாகவும் கூறினார். அவருக்கு நாம் எடுத்துரைத்தவற்றையே நேயர்களுக்கும் இங்கே கூறுகின்றோம்.

முதலில் டயரின் பக்கத்தில் பொறித்துள்ள எண்களைப் படித்தறிய வேண்டும். 195/55 ஆர் 15 என்றிருந்தால், டயரின் அகலம் 195 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு, அதாவது ஏறத்தாழ 107 மில்லிமீட்டர். ரிம்மின் விட்டம் 15 அங்குலம். ஆர் என்பது ரேடியல் என்னும் கட்டமைப்பைக் குறிக்கும். இச்சக்கரத்தின் முழு விட்டம் சுமார் 595 மில்லிமீட்டர் ஆகின்றது.

ரிம்மைப் பெரிதாக்கும்போது இம்முழு விட்டம் மாறாதிருத்தல் வேண்டும். மாறினால் வேகங்காட்டும் கருவி பிழைபடும். விட்டம் நூற்றுக்கு 3 பங்கு கூடினால், கருவி 80 கிலோமீட்டர் என்று காட்டும்போது கார் 82 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். 205/40 ஆர் 17 என்னும் அளவில் விட்டம் பெரும்பாலும் பழையபடியே அமைகின்றது. ஆனால் பக்கச்சுவர் 82 மில்லிமீட்டராகக் குறைந்துவிடும். பள்ளத்தில் இறங்கும் அதிர்ச்சியைத் தாங்குவது அச்சுவருக்குள் அடைபட்ட காற்றேயன்றோ? அது குறைந்தால் ரிம் நெளியும். டயரின் உள்நூல் அறுந்து பக்கத்தில் புடைக்கும். புடைத்த டயர் வேகத்தில் வெடிக்கக்கூடும். மழைநீர் பள்ளங்களை மறைத்து நிற்கும் சாலையில் இதனை மறத்தலாகாது.

பெரிய ரிம் பூட்டினால் கார் உயர்ந்துவிடும் எனச் சிலர் கருதுகின்றனர். முழு விட்டம் மாறாதவரை தரைக்கும் காருக்கும் உள்ள இடைவெளி சிறிதும் கூடாது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் பரிந்துரைத்த வேகத்தடை 3.7 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உடையது. இவ்வளவில் கட்டியதைத் தாழ்ந்த காரும் மெல்லக் கடந்துவிடும். குறுகலாகச் செங்குத்தாய் எழுப்பியவையே அடிப்பாகத்தை உரசுவன. ஆட்கள் நிறைந்திருக்கையில் கார் இன்னும் தாழும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது பாரம். அளவை அடுத்து 85 என்றிருந்தால் அந்த டயர் 515 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோ. அதன் பின்வரும் எழுத்து வேகத்தின் எல்லை: எச் என்பது 210 கிலோமீட்டர், வி என்பது 240 கிலோமீட்டர். தொழிற்சாலை குறித்த எண்ணுக்குக் குறைந்த டயரை, அது எத்துணை அழகாயிருப்பினும், வாங்குதல் தகாது.

ரிம்மின் துளைகளும் நடுத்துளையும் பொருந்த வேண்டுவதோடு, ஆஃப்செட் என்னும் அளவும் பொருந்த வேண்டும். அது மிகக் குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளி மட்கார்டை உரசும். மிகக் கூடினால் உள்ளே ஷாக் அப்சார்பரை உரசும். ஆகவே காரில் ஆட்களை நிறைய அமர்த்தி, ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பிப் பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும். தாழ்த்திய காரில் சக்கரங்களின் மேற்பகுதி உட்புறம் சாய்வதால் டயரின் உள்விளிம்பு விரைவில் தேயும். அலைன்மென்ட் பார்ப்பது இன்றியமையாதது. பள்ளங்கோடுகளின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரைக் காரில் ஓட்டுவது விதிக்கு மாறானது.

சட்டத்தையும் கருத வேண்டும். 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52 ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு முரணாகும் வண்ணம் வண்டியை மாற்றுதல் கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதனை வலியுறுத்தியது. எனவே மாற்றத்திற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டறிதல் நலம்.

நண்பர் இரண்டு நாள் யோசித்தார். பின்னர் பழைய ஸ்பிரிங்குகளையே மீண்டும் பொருத்தினார். 17 அங்குல ஆசையை விடுத்து, அதே காரின் உயர்ந்த வகைக்குத் தயாரிப்பாளரே தரும் 16 அங்குல ரிம்மும், 205/45 அளவில் 545 கிலோ தாங்கும் 87 எண் டயரும் வாங்கினார். அதன் பக்கச்சுவர் 92 மில்லிமீட்டர். பின்னிருக்கையில் அமரப்போகும் அன்னைக்கு ரிம்மின் அழகு தெரியப்போவதில்லை. பள்ளத்தின் அதிர்ச்சி மட்டுமே தெரியும் என்று அவரே நம்மிடம் கூறினார்.