மூளை தின்றால் மூளை வளருமா?
உடம்பின் வேதியியல் - 9

மேலப்பாளையத்தில் ஆட்டுச் சந்தை கூடுவது செவ்வாய்க்கிழமை. அங்கே கைமாறிய ஆடு கறிக்கடைக்குப் போனதும், தலைக்கறியோடு மூளைக்கும் தனிக் கிராக்கி. "பிள்ளைக்கு மூளைய வதக்கிக் குடும்மா, படிப்பு நல்லா வரும்" என்று சொல்லும் பெரியவர்கள் நெல்லைப் பக்கம் நிறைய உண்டு. ருசிக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். படிப்புக்கு?

தண்ணீரை நீக்கிவிட்டால் மூளையின் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. அது தொப்பையில் சேரும் இருப்புக் கொழுப்பு அல்ல, செல்களின் சவ்வையே கட்டும் கொழுப்பு. நரம்பிழையைப் பல சுற்றாகச் சுற்றியிருக்கும் மயலின் உறையில் உலர் எடையில் 70 சதவீதத்துக்கு மேல் கொழுப்புதான். நரம்பில் செய்தி விரைந்து ஓடுவதற்கு இந்த உறை வேண்டும்.

உறையின் முக்கியச் சரக்குகளில் இரண்டு: காலக்டோசெரிப்ரோசைடு, சல்ஃபடைடு. ஆட்டு மூளையில் இவை ஏராளம். ஆனால் நாம் தின்றவை குடலிலேயே சிதைந்துவிடும். நம் மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. ஒலிகோடென்ட்ரோசைட் என்னும் செல்லில் செரின் என்ற அமினோ அமிலமும் ஒரு கொழுப்பு அமிலமும் முதலில் இணைகின்றன. இன்னொரு நீண்ட கொழுப்பு அமிலம் சேர்ந்ததும் செராமைடு உருவாகிறது. அதில் காலக்டோஸ் சர்க்கரை ஒட்டினால் காலக்டோசெரிப்ரோசைடு. அதன்மேல் ஒரு சல்ஃபேட் ஏறினால் சல்ஃபடைடு. ஒவ்வொரு படிக்கும் தனித்தனி நொதி.

இந்தக் கடைசிப் படியைத் துலக்கியதில் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் நரம்பு வேதியியல் ஆய்வுக்கூடத்தை நடத்திய பிமல் குமார் பச்சாவத்தும் ஏ.எஸ். பாலசுப்பிரமணியனும், செரிப்ரோசைடில் சல்ஃபேட் ஏறும் விதத்தை 1965இல் வெளியிட்டார்கள். அவர்கள் ஆய்வுக்கு எடுத்தது செம்மறியாட்டு மூளை!

செய்தால் மட்டும் போதாது, பழையதைக் கழிக்கவும் வேண்டும். சல்ஃபடைடைக் கழிக்கும் நொதி அரைல்சல்ஃபடேஸ் ஏ. மெட்டாக்ரோமேட்டிக் லூகோடிஸ்ட்ரோபி என்ற பரம்பரை நோயில் அது வேலை செய்வதில்லை என்பதை 1963இல் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஆஸ்டினும் வேலூர்க் குழுவும் சேர்ந்து காட்டினார்கள். சல்ஃபடைடு தேங்கித் தேங்கி மயலின் அழிகிறது. நன்றாக நடந்த குழந்தை இரண்டு வயதுவாக்கில் தள்ளாடி, பிறகு நடையையே இழக்கிறது.

தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்நோய். சொந்தத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் பல சமூகங்களில் உள்ள நம் ஊரில் அந்த வாய்ப்பு கூடுகிறது. 2020இல் ஐரோப்பாவில் இதற்கு மரபணு சிகிச்சை அனுமதி பெற்றது. அறிகுறி தோன்றுமுன் கொடுத்தால்தான் அது நன்றாகப் பலிக்கும்.

ஆகவே மூளை வறுவலை ருசிக்காகச் சாப்பிடுங்கள். மயலின் மும்முரமாக உருவாகும் முதல் இரண்டு வயதில் தாய்ப்பால், முட்டை, மீன் என்று பிள்ளைக்கு நிறைவாகக் கொடுங்கள். நடந்த பிள்ளை நடை தளர்ந்தால் கண்ணேறு என்று காத்திருக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு இந்நோய் என்று தெரிந்தால், அடுத்த பிள்ளைக்கு முன்கூட்டியே மரபணுச் சோதனை கேளுங்கள்.

(தொடரும்)