வீட்டுக்குள் ஒரு சினிமாக் கொட்டகை

கரிசல் பூமிச் சம்சாரி விதை வாங்கும் விதமே தனி. கடைக்காரர் எவ்வளவு உயர்த்திப் பேசினாலும், "இது நம்ம காட்டுக்கு வருமா?" என்று கேட்காமல் அவர் மடியை அவிழ்க்கமாட்டார். மானாவாரி நிலத்தில் ஒரு விதைப்புத் தப்பினால் ஒரு வருஷமே தப்பினதுதான். ஆகையால் பெயருக்காகவும் பெருமைக்காகவும் விதை வாங்கும் வழக்கம் அங்கே வேரூன்றவில்லை. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் குடும்பங்கள் கம்ப்யூட்டர் விஷயத்திலும் இந்த நல்ல வழக்கத்தைக் கைவிடாதிருக்க வேண்டுமென்பது நமது ஆசை.

கூடத்திலுள்ள டெலிவிஷனோடு ஒரு கம்ப்யூட்டரை இணைத்து, படமும் பாட்டும் அதன் வழியாகவே அனுபவிக்கும் ஏற்பாட்டை 'ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டர்' என்கிறார்கள். இதற்குப் புது யந்திரம் வாங்கியாக வேண்டுமென்பதில்லை. 2011-ஆம் வருஷம் செப்டம்பரில் தமிழ்நாடு அரசாங்கம் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்க ஆரம்பித்தது. அவ்விதம் வந்தவற்றில் எத்தனையோ, பிள்ளைகளின் படிப்பு முடிந்த பிறகு அலமாரியில் உறங்குகின்றன. அவற்றை எழுப்பிவிட்டாலே போதும். எந்த 'இயங்குதளம்' கொண்டு எழுப்புவது, அதிலும் எந்தப் பதிப்பு என்பதுதான் கேள்வி.

பதிப்பு என்றதும் நமக்குப் புஸ்தகம் நினைவுக்கு வரும். இராமாயணத்துக்குக் காலிகோ கட்டடம் போட்ட உயர்ந்த பதிப்பும் உண்டு. மலிவுப் பதிப்பும் உண்டு. மலிவுப் பதிப்பில் காகிதம் மட்டமாயிருக்கலாம், எழுத்துப் பொடியாயிருக்கலாம். சுந்தர காண்டத்தையே கிழித்தெடுத்துவிட்டு விற்பார்களோ? கம்ப்யூட்டர் உலகில் ஏறக்குறைய அதுதான் நடந்தது.

மைக்ரோஸாப்ட் கம்பெனியார் 2002-இல் 'விண்டோஸ் எக்ஸ்.பி. மீடியா சென்டர் பதிப்பு' என்று ஒன்றை வெளியிட்டார்கள். நாற்காலியில் சாய்ந்தபடி ரிமோட்டை அழுத்தி, படம், பாட்டு, புகைப்படம் யாவற்றையும் பெரிய எழுத்துத் திரையில் தேர்ந்தெடுக்க அது உதவியது. 2009 அக்டோபரில் வந்த 'விண்டோஸ் 7' வரிசையில் இந்த மீடியா சென்டர் 'ஹோம் பிரீமியம்' முதலிய உயர்ந்த பதிப்புகளில் இருந்தது. ஆனால் இந்தியா, பிரேஸில், சீனா முதலிய தேசங்களுக்கென்று 'ஹோம் பேஸிக்' என்ற மலிவுப் பதிப்பை வகுத்தபோது, மீடியா சென்டரை அதில் வைக்கவில்லை. டி.வி.டி. தட்டை ஓட்டும் சக்தியும் அதில் கிடையாது. 'ஸ்டார்ட்டர்' என்ற கடைசிப் பதிப்பில் திரையின் பின்னணிப் படத்தை மாற்றக்கூட வழியில்லை. கணக்கு எழுதலாம், கடிதம் எழுதலாம். வீட்டார் கூடியிருந்து படம் பார்ப்பது மட்டும் ஏழை தேசங்களுக்கு ஆடம்பரமாகத் தோன்றியது போலும்!

உயர்ந்த பதிப்பை வாங்கியவர்களாவது நிலைத்த சுகம் கண்டார்களா என்றால், அதுவும் இல்லை. 2012-இல் வந்த 'விண்டோஸ் 8'-இல் டி.வி.டி. ஓட்டும் வசதி கழிந்தது. மீடியா சென்டர், 'புரோ' பதிப்புக்காரர்கள் தனியே பெறவேண்டிய சேர்க்கையாயிற்று. 2015 ஜூலையில் வந்த 'விண்டோஸ் 10'-இல் அது அடியோடு எடுக்கப்பட்டது. அதிக விலை கொடுத்துப் பெற்ற வசதியும் பிறர் கையில் இருக்கும் வரையில் இரவல்தான் என்பதை இந்தச் சரித்திரம் காட்டுகிறது.

இதனால் கரிசல் சீமைக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். சங்கீதத்துக்கு வறட்சியே இல்லாத சீமை அது. முத்துஸ்வாமி தீக்ஷிதர் 1835-இல் சித்தியடைந்தது எட்டயபுரத்தில். 1964-இல் மறைந்த நாகஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்தது கோவில்பட்டியில். 1962-இல் வெளியான 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவருடைய நாகஸ்வரம் போட்டியிட்டதை யார் மறப்பார்கள்? இத்தகைய சங்கீதம் இன்றும் பழைய நாடாக்களிலும் தட்டுகளிலும் வீடுகளில் இருக்கிறது. அதே பெட்டியில்தான் கல்யாண வீடியோத் தட்டுகளும் இருக்கின்றன. இப்போது உயிரோடில்லாத பாட்டியும் தாத்தாவும் அவற்றில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தட்டு வெயிலிலும் புழுதியிலும் கெட்டுப்போகும் பொருள். ஓட்டுவதற்கு யந்திரமில்லாமல் இன்னும் பத்து வருஷம் கிடந்தால், அந்தக் குரல்கள் திரும்பக் கிடைக்கமாட்டா. ஆகவே இது வெறும் பொழுதுபோக்கு விஷயமன்று.

இன்று நம்முன் உள்ள வழிகளைப் பார்ப்போம்.

முதலாவது, புது யந்திரமும் 'விண்டோஸ் 11'-ம். இதில் 'ஹோம்', 'புரோ' என்ற இரண்டில் எது என்று பலர் மயங்குகிறார்கள். வேறிடத்திலிருந்து யந்திரத்தை ஆளும் 'ரிமோட் டெஸ்க்டாப்', வட்டு முழுவதையும் பூட்டும் 'பிட்லாக்கர்', ஆபீஸ் நிர்வாக வசதிகள் ஆகியவையே 'புரோ'வின் விசேஷங்கள். படத்தின் தெளிவோ பாட்டின் இனிமையோ அதனால் குன்றிமணியளவும் கூடாது. வீட்டுக் கொட்டகைக்கு 'ஹோம்' போதும். ஆனால் நம் நாட்டில் விற்கும் மடிக்கணினிகள் பலவற்றில் 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' என்ற பதிப்பே வருகிறது. இதில் தமிழில் எழுதலாம், படிக்கலாம்; முகப்பு மொழி மட்டும் ஒன்றே ஒன்று. வீட்டுப் பெரியவர்களுக்குத் தமிழ் முகப்பு வேண்டுமானால் வாங்குமுன் விசாரித்துக் கொள்ளவேண்டும். பெயரின் கடைசியில் 'என்' என்ற எழுத்துள்ள பதிப்பு, ஐரோப்பியக் கமிஷனின் 2004-ஆம் வருஷத் தீர்ப்பையொட்டி, படமோட்டும் பகுதி நீக்கிச் செய்தது. மலிவாகக் கிடைத்தாலும் நமக்கு உதவாது.

இரண்டாவது, பழைய யந்திரத்தில் பழைய விண்டோஸையே வைத்துக் கொள்வது. 'விண்டோஸ் 10'-க்கான இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. 'விண்டோஸ் 11'-க்கோ 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. சேமிப்பிடம், 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்புச் சில்லு ஆகியவை வேண்டும். பழைய மடிக்கணினிகள் இந்தப் பரீட்சையில் தேறுவதில்லை. இன்டர்நெட்டோடு சேர்க்காமல், சேமித்த படங்களை மாத்திரம் பார்ப்பதானால் பழையதை ஓட்டலாம். சேர்த்தால் அபாயம். பேங்குக் கணக்கை அதில் திறக்கவே கூடாது. சில நூறு ரூபாய்க்குச் 'சாவி எண்' தருகிறோமென்று வருகிறவர்களிடம் சிக்கி ஏமாறவும் வேண்டாம்.

மூன்றாவது வழி, யாரும் பார்த்துத் திருத்தி வழங்கக்கூடிய சுதந்திர மென்பொருள். 'லிப்ரெஎலெக்' என்பது படமும் பாட்டும் ஓட்டுவதற்கென்றே செய்த சிறிய இயங்குதளம். அதில் வேலை செய்யும் நிரலுக்குப் பெயர் 'கோடி'. பெயர்தான் கோடி, விலை சல்லிக்காசும் இல்லை. 'எக்ஸ்.பி.எம்.சி.' என்று வழங்கிய அது 2014-இல் இந்தப் பெயர் பெற்றது. மீடியா சென்டர் செய்த வேலைகளையெல்லாம், ரிமோட் உள்பட, அது செய்கிறது. பொதுக் காரியங்களும் வேண்டுமென்பவர்களுக்குச் சென்னை ஸி-டாக் நிலையத்தார் ஆக்கிய 'பாஸ் லினக்ஸ்' இருக்கிறது. தமிழும் பிற இந்திய பாஷைகளும் அதில் இடம் பெற்றுள்ளன. அதனோடு 'வி.எல்.சி.' நிரலைச் சேர்த்துக் கொண்டால், 'ஹோம் பேஸிக்' மறுத்த டி.வி.டி. தட்டும் ஓடும்.

இதற்கும் குறையில்லாமலில்லை. நெட்பிளிக்ஸ் போன்ற சந்தாக் கொட்டகைகள் லினக்ஸுக்கு மிக உயர்ந்த '4கே' தெளிவில் படம் அனுப்புவதில்லை. அதுவே முக்கியமென்பவர்கள் விண்டோஸையோ, டெலிவிஷனிலேயே அமைந்த வசதியையோ நாடுவது உத்தமம். 2013-இல் வகுத்த 'எச்.265' முறையில் சுருக்கிய படங்களை மிகப் பழைய யந்திரங்கள் எந்த இயங்குதளத்திலும் தடுமாறித்தான் ஓட்டும், 'எச்.264' படங்களில் அந்தக் கஷ்டம் குறைவு.

நமது அபிப்பிராயம் இது. புது யந்திரம் வாங்கச் சக்தியும் சந்தாப் படங்களில் ருசியும் உள்ளவர்கள் 'ஹோம்' பதிப்போடு நிற்கட்டும். 'புரோ'வுக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல ஒலிபெருக்கிக்குக் கொடுக்கட்டும். அலமாரியில் மடிக்கணினி உள்ளவர்கள், அதில் இருப்பதைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு லினக்ஸ் பக்கம் திரும்பட்டும். பல லினக்ஸ் வகைகளைப் பென் டிரைவில் ஏற்றி, உள்ளே இருப்பதைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். படமும் ஒலியும் ஒரே கம்பியில் செல்ல எச்.டி.எம்.ஐ. துளை இருக்கிறதா என்று முன்னதாகப் பார்க்கவேண்டும். பழைய வி.ஜி.ஏ. துளை மட்டுமானால் ஒலிக்குத் தனிக் கம்பி வேண்டும். கரிசல் புழுதி விசிறியை அடைத்து யந்திரத்தைக் கொதிக்க வைக்குமாதலால், அவ்வப்போது துடைப்பது அவசியம்.

எல்லாவற்றுக்கும் முதலில் செய்யவேண்டியது ஒன்று. எந்தப் பதிப்பானாலும், கல்யாணத் தட்டுகளை வன்தட்டில் ஒரு பிரதியும், வேறோரிடத்தில் இன்னொரு பிரதியுமாக எடுத்து வைத்துவிடுங்கள். இயங்குதளத்தை அடுத்த வருஷமும் மாற்றிக் கொள்ளலாம். பாட்டியின் குரலுக்கு மறுபதிப்புக் கிடையாது.