மதம் நீங்குவோரும் துணைநிற்போரும்

மதம் துறத்தலை வெறும் கருத்து மாற்றமாகவே பகுத்தறிவாளர் பலர் கொள்கின்றனர். நியூயோர்க்கின் ஹசிதிய யூத சமூகத்தை நோக்கின், இக்கொள்கையின் போதாமை புலனாகும். யிட்டிஷ் மொழியிலே வளர்ந்து, சமயக் கல்வியையே பெரிதும் பெற்ற ஓர் இளைஞன் வெளியேறுகையில் வீடு, தொழில், மணஉறவு யாவற்றையும் இழக்க நேரலாம். சிலவேளை பெற்ற பிள்ளைகளையுங்கூட.

ஹசிதியக் குடும்பத்தில் வளர்ந்து வெளியேறிய மல்கி சுவார்ட்ஸ் 2003 இல் அங்கு நிறுவிய 'புட்ஸ்டெப்ஸ்' அமைப்பு இறைமறுப்பைப் போதிப்பதன்று. ஆங்கிலம், கல்விச் சான்றிதழுக்கான பயிற்சி, உளவளத்துணை, பிள்ளைப் பராமரிப்பு வழக்குகளில் ஆதரவு என்பனவே அதன் பணிகள். கடவுள் உண்டா என்னும் வினாவிலும் இவை முந்தியவை என்றே நாம் கருதுகின்றோம்.

வழக்குகளே மிகக் கடினமானவை. மணமுறிவு உடன்படிக்கையில் பிள்ளைகளை ஹசிதிய முறைப்படி வளர்க்க இசைந்திருந்த தாயொருத்தி, பின்னர் அந்நெறியினின்று விலகியமையால் பராமரிப்புரிமையை இழந்தாள். 2017 இல் நியூயோர்க் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிப் பிள்ளைகளை அவளிடமே ஒப்படைத்தது.