எஞ்ஜின் ஆயிலுக்கும் மெழுகுவர்த்திக்கும் என்ன சம்பந்தம்?

குட்டி நண்பர்களே, உங்களுக்கு ஒரு விடுகதை. கார் எஞ்ஜினுக்கு ஊற்றும் ஆயிலை முன்பைவிடத் தரமாகத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். அதனால் மெழுகுவர்த்தி செய்பவர்களுக்குத் தலைவலி வந்தது. ஏன்?

"கார் எங்கே, மெழுகுவர்த்தி எங்கே? இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்றுதானே கேட்கிறீர்கள்? நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது. இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள்!

அந்தக் கதையைத் தெரிந்துகொள்ளும் முன், அந்தக் காலத்து மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வருவோமா?

கொழுப்பு, தேன்கூடு, திமிங்கிலம்!

மின்விளக்கு இல்லாத காலத்தில் ஐரோப்பாவில் ஏழைகள் ஆடு, மாடுகளின் கொழுப்பை உருக்கி மெழுகுவர்த்தி செய்தார்கள். அது புகைந்தது, நாற்றமும் அடித்தது. பணக்காரர்களும் தேவாலயங்களும் தேன்கூட்டிலிருந்து கிடைக்கும் தேன்மெழுகைப் பயன்படுத்தினார்கள். நல்ல வெளிச்சம், நல்ல மணம். ஆனால் விலை மிக அதிகம்.

பிரிட்டனில் 1709-ஆம் ஆண்டு மெழுகுவர்த்திக்கு வரி போட்டார்கள். தேன்மெழுகு வர்த்திக்குக் கொழுப்பு வர்த்தியைப் போலப் பல மடங்கு வரி! உரிமம் வாங்காமல் வீட்டில் மெழுகுவர்த்தி செய்வதும் குற்றம். இந்த வரி 1831-ல்தான் நீக்கப்பட்டது.

ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் தலையில் ஒரு வகை எண்ணெய்ப் பொருள் இருக்கும். அதைக் குளிர வைத்தால் வெள்ளை மெழுகு கிடைக்கும். அதிலும் மெழுகுவர்த்தி செய்தார்கள். இதற்காகக் கொல்லப்பட்ட திமிங்கிலங்கள் ஏராளம்! ஒளியை அளக்க அந்தக் காலத்தில் பயன்பட்ட அளவுக்கு 'கேண்டில் பவர்' என்று பெயர். 1860-ல் பிரிட்டனில் அந்த அளவை வகுத்தபோது, திமிங்கில மெழுகுவர்த்தியின் வெளிச்சத்தைத்தான் அடிப்படையாக வைத்தார்கள்.

நல்லவேளையாக இன்னொரு மெழுகு வந்து சேர்ந்தது. 1830-ல் கார்ல் ரைஹன்பாக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி மரத் தாரிலிருந்து ஒரு வெள்ளை மெழுகைப் பிரித்தெடுத்தார். அதுதான் பாரஃபின். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் யங், நிலக்கரியிலிருந்து பாரஃபின் எடுக்கும் முறைக்கு 1850-ல் காப்புரிமை பெற்றார். பிறகு பூமிக்கு அடியிலிருந்து கச்சா எண்ணெய் தாராளமாகக் கிடைத்தது. அதற்குள்ளும் பாரஃபின் இருந்தது! மெழுகுவர்த்தி மலிவானது.

மார்கழித் தேங்காய் எண்ணெய்

மார்கழி மாதக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பார்த்திருப்பீர்களே? உள்ளே வெள்ளையாக உறைந்து கிடக்கும். தலையில் வைக்க ஒரு சொட்டுகூட வராது. வெயிலில் வைத்தால்தான் இளகும்.

எஞ்ஜின் ஆயில் இப்படி உறைந்தால் என்ன ஆகும்? குளிர் நாடுகளில் ஒரு கார்கூடக் கிளம்பாது! எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் பிரிந்த பிறகு, கனமான எண்ணெய் மிஞ்சும். அதிலிருந்துதான் எஞ்ஜின் ஆயில் தயாராகிறது. அதில் மெழுகும் கலந்திருக்கும். எனவே அந்த எண்ணெயில் ஒரு கரைப்பானைக் கலந்து நன்றாகக் குளிர வைப்பார்கள். மெழுகு மட்டும் உறைந்துவிடும். அதை வடிகட்டி எடுப்பார்கள். ஒட்டியிருக்கும் எண்ணெயையும் நீக்கிச் சுத்தம் செய்தால் பளிச்சென்று வெள்ளை மெழுகு தயார்.

கவனித்தீர்களா? ஆலைக்கு வேண்டியது எஞ்ஜின் ஆயில். மெழுகு அதன் துணைப்பொருள். நெல்லைக் குத்தினால் தவிடு கிடைப்பது போல! தவிடு வேண்டும் என்பதற்காக யாரும் நெல் குத்துவதில்லையே?

விடுகதைக்கு விடை

இப்போது விடைக்கு வருவோம். புது வகை எஞ்ஜின்களுக்கு இன்னும் தரமான ஆயில் தேவைப்பட்டது. அதற்குப் புதிய தொழில்நுட்பம் வந்தது. இந்த முறையில் மெழுகை உறைய வைத்துப் பிரிப்பதில்லை. ஹைட்ரஜன் வாயுவும் வினையூக்கியும் சேர்ந்து மெழுகு மூலக்கூறுகளையே மாற்றிவிடுகின்றன. நீண்ட நேரான மூலக்கூறுகள் கிளைவிட்டு, உறையாத எண்ணெயாகிவிடுகின்றன.

அதாவது, தவிடும் அரிசியாகிவிட்டது! ஆயிலுக்கு லாபம். மெழுகுக்கு நஷ்டம். பழைய முறையில் இயங்கிய ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2015-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பாவில் சில ஆலைகள் இப்படி நின்றன. அங்கிருந்து வந்த மெழுகும் நின்றது.

2020-ல் கொரோனா வந்தபோது இன்னொரு வேடிக்கை. ஊரடங்கில் வண்டிகள் ஓடவில்லை. எண்ணெய் ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன. ஆலை குறைவாக ஓடினால் துணைப்பொருளான மெழுகும் குறைவாகத்தானே கிடைக்கும்?

கலவைதான் ரகசியம்

மெழுகுவர்த்தி முழுவதும் ஒரே மெழுகால் ஆனது என்று நினைக்கிறீர்களா? பெரும்பாலும் இல்லை. தோசை மாவுக்கு அரிசியும் உளுந்தும் போல இதிலும் அளவான கலவை உண்டு.

பாரஃபினோடு ஸ்டியரிக் அமிலம் என்ற பொருளைக் கொஞ்சம் சேர்ப்பார்கள். மெழுகுவர்த்தி கெட்டியாகும். பால் போல வெள்ளையாகத் தெரியும். ஆறியதும் சற்றுச் சுருங்குவதால் அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வரும். 'அமிலம்' என்றதும் பயப்பட வேண்டாம். இது கொழுப்பிலிருந்து கிடைப்பதுதான். கொழுப்புகளை ஆராய்ந்து இதைக் கண்டறிந்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி செவ்ரல். கே-லுசாக் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து 1825-ல் இந்த வகை மெழுகுவர்த்திக்குக் காப்புரிமை பெற்றார்.

சோயா எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தினால் சோயா மெழுகு கிடைக்கும். இது மிருதுவானது. சீக்கிரம் உருகும். அதனால் கண்ணாடிக் குவளைக்குள் ஊற்றும் மெழுகுவர்த்திக்கு ஏற்றது. நம் ஊர் சித்திரை வெயிலில் இதைத் தனியாக நிற்க வைத்தால் தலை சாய்த்துவிடும்!

ஒரு மெழுகு விலை ஏறினால் இன்னொன்றைக் கூட்டிக் கலக்கலாமே என்று தோன்றுகிறதா? நல்ல யோசனைதான். ஆனால் அங்கேயும் சிக்கல் காத்திருக்கிறது. ஸ்டியரிக் அமிலம் பெருமளவு பாமாயிலிலிருந்து தயாராகிறது. 2022 ஏப்ரல் 28 முதல் மே 23 வரை இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதிக்குத் தடை போட்டது நினைவிருக்கிறதா? அந்த ஆண்டு சமையல் எண்ணெய் விலை எகிறியது. வடை சட்டியைத் தொட்ட விலை, மெழுகு அச்சையும் தொடாமல் விடுமா?

பங்கு கேட்கும் கூட்டம்

கிடைக்கும் மெழுகும் முழுவதும் மெழுகுவர்த்திக்கு வருவதில்லை. நீங்கள் வண்ணம் தீட்டும் கிரேயான், காகிதக் கோப்பை, தார்ப்பாய், டயர், முகப்பூச்சு எல்லாவற்றுக்கும் மெழுகு வேண்டும். சிவகாசி, கோவில்பட்டிப் பக்கம் தயாராகும் தீக்குச்சிக்கும் வேண்டும். குச்சியின் நுனியை மெழுகில் நனைத்து எடுத்தால்தான் மருந்து பற்றியதும் தீ குச்சிக்குத் தாவும்.

ரகசியக் கூட்டணி

பொருள் குறைந்தால் விலை ஏறும். அது இயல்பு. ஆனால் விற்பவர்கள் கூடிப் பேசி விலையை ஏற்றினால்? ஐரோப்பாவில் அதுவும் நடந்தது. சில பெரிய நிறுவனங்கள் 1992 முதல் 2005 வரை ஹோட்டல்களில் ரகசியமாகச் சந்தித்து மெழுகு விலையைத் தங்களுக்குள் முடிவு செய்தன. 'பாரஃபின் மாஃபியா' என்றுகூடத் தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்களாம்!

கூட்டத்தில் இருந்த ஒரு நிறுவனமே போய்த் தகவல் சொன்னது. அதற்கு மட்டும் தண்டனை இல்லை. மற்ற ஒன்பது நிறுவனக் குழுமங்களுக்கும் சேர்த்து 2008 அக்டோபரில் ஐரோப்பிய ஆணையம் 67 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது. (பிறகு சிலருடைய அபராதத்தை நீதிமன்றம் குறைத்தது.)

நம் நாட்டில்...

இந்தியாவில் அசாம் மாநிலத்துக் கச்சா எண்ணெயில் மெழுகு அதிகம். அங்கே 1901-ல் தொடங்கிய டிக்பாய் ஆலை, ஆசியாவின் மிகப் பழைய சுத்திகரிப்பு ஆலைகளில் ஒன்று. அங்கே மெழுகும் தயாரிக்கிறார்கள். தமிழ்நாட்டில் சென்னையை அடுத்த மணலியில் 1969-ல் உற்பத்தியைத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலையும் மெழுகு தயாரித்து வந்திருக்கிறது. தமிழக அரசின் சிட்கோ நிறுவனம் அந்த மெழுகை வாங்கிச் சிறு தொழில் செய்பவர்களுக்கு வழங்கி வந்தது.

சிறு தொழில் செய்பவர்களுக்கு ஏன் உதவி வேண்டும்? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஒரு மெழுகுவர்த்தியின் எடை 25 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 1 கிலோ மெழுகில் 40 மெழுகுவர்த்தி. மெழுகு விலை கிலோவுக்கு 20 ரூபாய் ஏறினால், ஒன்றுக்கு 50 காசு கூடும். "50 காசுதானே?" என்று நமக்குத் தோன்றும். ஆனால் ஒரு குடும்பம் தினமும் 2,000 மெழுகுவர்த்தி செய்தால், அவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபாய் கூடுதல் செலவு!

அவர்கள் என்ன செய்வார்கள்? விலையை ஏற்றினால் கடைக்காரர் வாங்கத் தயங்குவார். எண்ணெய் அதிகமுள்ள மலிவான மெழுகைக் கலந்தால் புகை வரும், வர்த்தி வளையும். எடையை 20 கிராமாகக் குறைத்தால், ஐந்து மணி நேரம் எரிந்தது நான்கு மணி நேரத்தில் அணைந்துவிடும். எதைச் செய்தாலும் சங்கடம்தான்.

"இப்போதுதான் இன்வெர்ட்டர், எமர்ஜென்சி லைட் எல்லாம் இருக்கிறதே?" என்கிறீர்களா? 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களைத் தாக்கியது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல கிராமங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. சார்ஜ் போட வழியில்லாமல் எமர்ஜென்சி லைட்டும் கண்ணை மூடிக்கொண்டது. அப்போது அரிசி, போர்வையோடு லாரியில் போன நிவாரணப் பொருட்களில் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் இருந்தன. அந்த இருட்டில் வீட்டுப் பாடம் எழுதியவர்களுக்கும், கைக்குழந்தையை வைத்திருந்த அம்மாக்களுக்கும் அதுதான் வெளிச்சம்.

அடுத்த முறை அம்மா கடைக்கு அனுப்பினால், மெழுகுவர்த்தியின் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். கையில் எடுத்துக் கனத்தையும் பாருங்கள். எவ்வளவு நேரம் எரியும் என்பதைச் சொல்வது கனம்தான்!

செய்து பாருங்கள்
(பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்!)

மெழுகுவர்த்தியில் எரிவது திரியா, மெழுகா? காற்றடிக்காத அறையில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, சில நிமிடம் நன்றாக எரிய விடுங்கள். பிறகு மெதுவாக ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளைப் புகை எழும். பெரியவர் ஒருவர் எரியும் தீக்குச்சியை உடனே அந்தப் புகைக்குள் காட்டட்டும். திரியைத் தொட வேண்டாம். தீ புகை வழியாக இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும்!

அந்த வெள்ளைப் புகை, ஆவியான மெழுகு. அதுதான் எரிகிறது. திரி அதை மேலே ஏற்றிவிடும் ஏணி மட்டுமே. லண்டனில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே, 1860-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் உங்களைப் போன்ற சிறுவர் சிறுமியருக்காக மெழுகுவர்த்தி பற்றியே தொடர் சொற்பொழிவு நடத்தினார். அதில் இந்தச் சோதனையையும் செய்து காட்டினார்.