பானட்டைத் திறந்து பாருங்கள்: காருக்கு நாமே செய்யக்கூடிய பராமரிப்பு

கார் சர்வீஸ் பில்லை நிதானமாகப் படித்தால் உதிரி பாகத்துக்கு ஒரு தொகையும் லேபருக்கு ஒரு தொகையும் தனித்தனியாக இருக்கும். ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், வைப்பர் பிளேடு ஆகியவற்றைப் பெரும்பாலான கார்களில் கையாலேயே மாற்றிவிடலாம். அந்த லேபர் மிச்சமாவது நல்லதுதான், ஆனால் அது சிறிய லாபம். தன் காரைத் தானே வாரம் ஒருமுறை பார்க்கிறவருக்கு, சின்னக் கோளாறு பெரிய செலவாக வளர்வதற்குள் கண்ணில் பட்டுவிடும். உண்மையான மிச்சம் அதில்தான் இருக்கிறது.

வாரம் ஒருமுறை பார்க்க வேண்டியவை

முதலில் இன்ஜின் ஆயில். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, முழுவதும் செருகி, மறுபடி உருவிப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் நின்றால் சரி. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதா, ஓட்டி நிறுத்திச் சில நிமிடம் கழித்துப் பார்ப்பதா என்பது காருக்குக் கார் மாறும். காருடன் வந்த கையேட்டில் இருக்கும். குறைந்திருந்தால் கையேடு சொல்லும் அதே கிரேடு ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மேல்குறியைத் தாண்டினாலும் கெடுதல்தான். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீரோ கூலன்டோ கலந்திருக்கலாம். வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது கூலன்ட். வெயில் அதிகமுள்ள நம் ஊரில் இதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் கூலன்ட் டேங்க் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக்கால் ஆனது. மூடியைத் திறக்காமலே அளவு தெரியும். அளவு குறைந்துகொண்டே வந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறும், அலுமினிய சிலிண்டர் ஹெட் வளையும், ஹெட் கேஸ்கட் போய்விடும். ஒரு ரப்பர் ஹோஸ் மாற்றுவதோடு முடிந்திருக்க வேண்டியது, இன்ஜினைப் பிரிக்கிற வேலையில் வந்து நிற்கும்.

கூலன்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ ஊற்றாதீர்கள். அதிலுள்ள உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும், உலோகத்தையும் அரிக்கும். கலந்து ஊற்றும் வகை கூலன்ட் என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் சேருங்கள்.

இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியையோ டேங்க் மூடியையோ திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கூலன்ட் கொதிக்காமல் நிற்கிறது. மூடி கழன்ற கணமே அழுத்தம் விட்டுப்போய், கொதித்துப் பீய்ச்சி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும்.

மூன்றாவது டயர். எவ்வளவு காற்று வேண்டும் என்பது டிரைவர் பக்கக் கதவை ஒட்டிய ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்றடிக்காதீர்கள். ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்தால்தான் அளவு சரியாக வரும். தேய்மானத்தைப் பார்த்தே காரணத்தையும் ஊகிக்கலாம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடுப்பகுதி தேய்ந்தால் காற்று அதிகம், ஒரே ஓரம் மட்டும் தேய்ந்தால் பெரும்பாலும் வீல் அலைன்மென்ட் கோளாறு. டிரெட் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் டயரை மாற்றியே ஆக வேண்டும். ஸ்டெப்னியையும் மறக்காமல் பாருங்கள்.

கையால் செய்யக்கூடியவை

ஏர் ஃபில்டர் பானட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் இருக்கும். கிளிப்பையோ ஸ்க்ரூவையோ கழற்றிப் பழையதை எடுத்து, பெட்டியில் கிடக்கும் தூசியைத் துடைத்துவிட்டுப் புதியதை வையுங்கள். ஏசி ஃபில்டர் பல கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. அதன் ஓரத்தில் காற்று போகும் திசைக்கு அம்புக்குறி போட்டிருக்கும். பழையது எப்படி இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் குழப்பம் வராது. ஏசி காற்று குறைகிறது என்று கேஸ் நிரப்பப் போவதற்கு முன் இதை ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

ஹாரனோ சார்ஜரோ திடீரென்று வேலை செய்யாவிட்டால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். போனதற்குப் பதில் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். வழக்கமான நிறங்கள்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். ஒயர் துண்டையோ பெரிய ஃபியூஸையோ போட்டுச் சமாளித்தால் வண்டி தீப்பிடிக்கலாம். புதியதும் உடனே போனால் ஒயரிங்கில் ஷார்ட் இருக்கலாம், எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

பேட்டரி டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், ஆப்பசோடா கரைத்த தண்ணீரும் பழைய பிரஷும் போதும். கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். காரின் பாடி முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருக்கிறது. பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டதும் ஷார்ட் ஆகிப் பொறி பறக்கும்.

தொடக்கூடாதவை

பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக், பெட்ரோல் லைன், சிஎன்ஜி, ஏசி கேஸ் ஆகியவற்றில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். அங்கே வரும் தவறுக்கு உயிரே விலையாகலாம். மின்சாரக் கார்களிலும் ஹைபிரிட் கார்களிலும் ஆரஞ்சு நிற ஒயர்கள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. அவற்றின் பக்கமே போக வேண்டாம். வண்டியோடு வரும் ஜாக்கி சக்கரம் மாற்ற மட்டுமே. அதை நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், கையைக்கூட நீட்டாதீர்கள்.

ஆயில் மாற்றுவதையும் ஒர்க்‌ஷாப்பிலேயே செய்வது நல்லது. அதற்கு வண்டிக்கு அடியில் வேலை இருக்கிறது. கழிவு ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டினால் நீரும் நிலமும் கெடும். வாரன்டி காலத்தில் முறையான சர்வீஸைத் தவறவிடாமல் பில்களைப் பத்திரப்படுத்துங்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது

என்று எதை மாற்றினீர்கள், அப்போது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எஸ்டிமேட்டில் ஏர் ஃபில்டர் இருந்தால், போன மாதம்தான் மாற்றினேன் என்று அப்போது உறுதியாகச் சொல்லலாம். மாற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் பொருள், கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

“வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது” என்று விட்டுவிட்டு வந்தால் மெக்கானிக் எல்லாவற்றையும் பிரித்துத் தேட வேண்டியிருக்கும். “இடது முன்சக்கரத்தில், பிரேக் பிடிக்கும்போது மட்டும் சத்தம் வருகிறது” என்று சொன்னால் நேராக அந்த இடத்துக்குப் போவார். தேடும் நேரத்துக்கும் நாம்தான் லேபர் கொடுக்கிறோம். கவனித்துப் பார்த்துச் சரியாகச் சொல்கிற வாடிக்கையாளரை நல்ல மெக்கானிக் எவரும் மதிப்பார்.